நீக்குவதற்கான காரணம்

அமெரிக்காவில், சன்னிவேலில் வேலை பார்க்கும் கயலுக்கும் சான் ஹோசேயில் இருக்கும் பாயுவுக்கும் ஒரு டேட்டிங் ஆப்பில்தான் பழக்கம். பாயு இந்தோனேசியாக்காரன், சுரபாயா. தினமும் மத்தியானம் பன்னிரண்டரைக்கு 'சாப்பிட்டாயா?' என்று மெசேஜ் அனுப்புவான். கோபிசெட்டிபாளையத்துக்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பாயுவின் ஊரில் காதலுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பல மாதம் போனிலேயே பேசிப் பழகுவார்கள். அது கணக்கில் சேராது. பிறகு ஒருவர் வாயைத் திறந்து, நாம் இனி ஜோடியா என்று முறையாகக் கேட்க வேண்டும். பாயு மூன்றாம் மாதம் கேட்டான். அடுத்தது இன்ஸ்டாகிராம். பெண்ணின் படத்தை, முகம் தெரிய, பெயரோடு போட்டால்தான் ஊருக்கு அறிவித்த மாதிரி. அதற்கு மட்டும் கயல் ஒரு வருஷம் தவணை சொன்னாள். சென்ற ஞாயிற்றுக்கிழமைதான் சரி என்றாள்.

வந்தது வினை. பாயுவின் தங்கை ரினியும் அவள் தோழிகள் ஆறு பேரும் படத்தைப் பார்த்த கையோடு அண்ணியின் பூர்வோத்தரத்தைத் தோண்ட ஆரம்பித்தார்கள். போலீஸ்கூட அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. செவ்வாய்க்கிழமை மாலை பாயுவிடமிருந்து கயலுக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. கூட ஒரு வார்த்தை இல்லை.

மேட்ரிமனி தளத்தில் கயலின் பக்கம். பச்சைப் பட்டுப்புடவை, ரோகிணி நட்சத்திரம், அடக்கமான குணம், அமெரிக்க மாப்பிள்ளை விரும்பத்தக்கது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மேலே சிறிய எழுத்தில் 'நேற்று ஆன்லைனில் இருந்தார்' என்று போட்டிருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பா சேனாபதியின் நச்சரிப்புத் தாங்காமல், என்னமோ பண்ணிக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னது உண்மை. அதோடு அதை மறந்தும் போனாள். அப்பா மறக்கவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மகள் பெயரில் உள்ளே போய் மாப்பிள்ளைகளை ஒரு வலம் வந்துவிட்டுத்தான் படுப்பார்.

நடந்ததை விளக்கி அவள் எழுதிப் பார்த்தாள். அது நான் இல்லை, என் அப்பா. படித்தால் அவளுக்கே சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். கையும் களவுமாக அகப்பட்டவர்கள் சொல்லுகிற பொய் மாதிரியே இருந்தது. எப்படியோ ஒரு வழியாக அனுப்பினாள். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. புதனும் வியாழனும் வெள்ளியும் மத்தியானச் சாப்பாட்டைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை. இவனை விட்டுவிட முடியாது என்று அந்த மூன்று நாளில்தான் அவளுக்கு உறைத்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். பாயு கதவைத் திறந்தான், உட்காரச் சொன்னான், காப்பிகூடக் கொடுத்தான். கோபம் இல்லை. சோர்ந்து போயிருந்தான். ஒன்றே ஒன்றுதான் கேட்டான். எந்த அப்பா மகளாக வேஷம் போட்டு மாப்பிள்ளைகளைப் போனில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்?

அவனுக்குப் பதில் சொல்ல அவளிடம் ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் போனால் ஒன்றரை வருஷமாக வீட்டில் மறைத்ததெல்லாம் வெளியே வந்துவிடும். வந்தால் வரட்டும் என்று வீடியோ கால் போட்டாள். கோபிசெட்டிபாளையத்தில் அப்போது இரவு எட்டரை. திரை முழுக்க அப்பாவின் நெற்றியும் மூக்குக்கண்ணாடியும் தெரிந்தன.

"அப்பா, அந்த மேட்ரிமனில டெய்லி லாகின் பண்றது நீங்கதானுங்களே?"

"ஆமா கண்ணு. யாராச்சும் பாக்கோணுமல்லோ?"

அவள் மொழிபெயர்த்தாள். பாயு அந்த நெற்றியையே கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு சிரித்தான், தோள் குலுங்கக் குலுங்க. நான்கு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கியது கயலுக்கு. பாதிக் கல்தான்.

"அத எடுத்துருங்கப்பா."

"ஏனாம்?"

அவள் பாயுவின் சட்டையைப் பிடித்து இழுத்துத் திரைக்குள் உட்கார வைத்தாள். பெயர், ஊர், வேலை, ஒன்றரை வருஷம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள். திரை ஆடியது. சட்டென்று கறுப்பானது. கட் பண்ணிவிட்டார் என்றே நினைத்தாள்.

இருட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. அவர் அதே போனில் மேட்ரிமனி தளத்துக்குள் போயிருந்தார்.

"எடுக்கறதுக்குக் காரணம் கேக்குது கண்ணு. மூணு போட்டிருக்குது. ஒண்ணு, இந்தத் தளத்துல வரன் அமைஞ்சுது. ரெண்டு, வேற வழில அமைஞ்சுது. மூணு, இப்பக் கல்யாணம் பண்ற எண்ணமில்ல." கொஞ்சம் நிறுத்தினார். "எத அமுக்கட்டும்?"

அதற்கு அவளால் தனியாகப் பதில் சொல்ல முடியாது. கல்யாணம் என்ற பேச்சை இருவருமே இதுவரை எடுத்ததில்லை. மூன்றையும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கண்ணை அவன் பக்கம் திருப்பாமல் சுவரைப் பார்த்தபடி இருந்தாள்.

பாயு தொண்டையைச் செருமிக்கொண்டு போனை நோக்கிக் குனிந்தான்.

"செகண்ட் ஒன், அங்கிள்."

"ரெண்டாவதுங்களா தம்பி?"

தமிழ் புரியாவிட்டாலும் பாயு தலையாட்டினான். அந்தக் கறுப்புத் திரைக்கு அது தெரியாதே என்று கயல்தான், "ஆமாங்கப்பா" என்றாள். சொல்லும்போதே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. துடைக்கத் தோன்றவில்லை.

திரையில் மறுபடி நெற்றி வந்தது.

"அமுக்கிப்போட்டன் கண்ணு. உங்கம்மாளுக்கு மட்டும் நீயே சொல்லிக்க."