நீல வளையக் கோழிகள்

ஆய்வகத்திலிருந்து போன் வந்தபோது டாக்டர் பவதாரணி, போடி கால்நடை மருத்துவமனையில் ஒரு வெள்ளாட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தாள். சிலமலைப் பண்ணையின் காவல் கோழிகள் அத்தனையின் ரத்தத்திலும் பறவைக் காய்ச்சலுக்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதாம். கத்தியை அப்படியே கீழே வைத்தாள். அந்தப் பண்ணை, வருகிற ஆவணியில் அவளுக்குத் தாலி கட்டப்போகிற பிரபாகரனுடையது.

மலைக்கு அந்தப் பக்கம் நோய் கிளம்பியதால், அடிவாரத்தில் சில பண்ணைகளுக்குச் சோதனை முறையில் தடுப்பூசி போட்டிருந்தார்கள். சில கோழிகளுக்கு மட்டும் ஊசி போடாமல், காலில் நீல வளையம் மாட்டிக் கூட்டத்தோடு விட்டிருந்தார்கள். அவைதான் காவல் கோழிகள். ஊசி போட்ட கோழியிடம் எதிர்ப்புப் பொருள் இருப்பது இயல்பு. போடாத கோழியிடம் இருந்தால், நோய் உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். வந்துவிட்டால் பண்ணைக் கோழிகள் அத்தனையையும் கொன்று குழியில் புதைத்துவிடுவார்கள்; ஒரு குஞ்சுகூட மிஞ்சாது.

அவள் போய்ச் சேர்வதற்குள் பண்ணை வாசலில் ஜேசிபி நின்றது. ஓட்டுநர் சின்ராசு இறங்காமல் உட்கார்ந்திருந்தான். கால்நடைத் துறை இணை இயக்குநர் முத்துக்கிருஷ்ணன் பிரபாகரனிடம் நிலைமையைத் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் முகம் வெளிறியிருந்தது.

அப்போதுதான் அவன் அம்மா வேலுத்தாய் குறுக்கே வந்தார். "நீல வளையம் போட்டதுகளா? அதுகளுக்கும் ஊசி போட்டாச்சே."

"யாரும்மா போட்டது?" என்று கேட்டார் முத்துக்கிருஷ்ணன்.

"நாந்தேன். ஊசி போட வந்தவங்க டீ குடிக்கப் போயிருந்தாங்க. பாட்டில்ல மருந்து மிச்சம் கெடந்துச்சு. பந்தியில உக்காந்த பிள்ளைகள்ல நாலு பேருக்கு மட்டும் எலை போடாம விடுவாகளா? மனசு கேக்கல."

பொய் சொல்கிற ஆளில்லை அவர். அந்த வீட்டில் கிடாய் வெட்டினால், வழியில் போகிற பஸ்சு கண்டக்டருக்குக்கூட ஒரு கிண்ணம் குழம்பு போகும். அது பவதாரணிக்குத் தெரியும். முத்துக்கிருஷ்ணனுக்குத் தெரியாதே.

"கோழிக்கு ஆபத்துன்னா எல்லாரும் இப்பிடித்தாம்மா சொல்லுவாங்க," என்றார்.

"சார், அதைக் கோழிகிட்டயே கேட்ருவோம். ரெண்டாவது டெஸ்டு எடுக்கலாம்," என்றாள் பவதாரணி.

வேலுத்தாய்க்கு விளங்கவில்லை. "ஒரு தடவை பாத்த ரத்தத்த இன்னொரு தடவை பாத்தா மட்டும் மாறிருமா, ஆத்தா?"

"அத்தை, ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏத்திப் போற ஜீப்பு ரெண்டு இருக்குன்னு வைங்க. ரெண்டுக்கும் பெயிண்டு ஒண்ணு, நம்பர் பிளேட்டு வேற. நோய்க் கிருமியும் ஊசி மருந்தும் அப்பிடித்தான். மொத டெஸ்டு பெயிண்டை மட்டும்தான் பாத்துச்சு. அடுத்தது நம்பரைப் பாக்கும். உள்ள வந்தது நோயா, நீங்க போட்ட ஊசியான்னு தெரிஞ்சிரும்."

முத்துக்கிருஷ்ணன் யோசித்தார். "முடிவு வர்ற வரைக்கும் ஒரு முட்டை வெளிய போகக் கூடாது. ஜேசிபியும் இங்கதான் நிக்கும். சரி, ரத்தம் எடும்மா."

"நான் தொட மாட்டேன், சார். நான் இந்த வீட்டுக்கு வாழ வரப்போறவ. நீங்களே உங்க கையால எடுங்க."

வேலுத்தாயின் முகம் சட்டென்று சுருங்கிப்போனது. "அதுக்குள்ள கையக் கழுவிட்டாளே," என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்விட்டார். பவதாரணியின் நெஞ்சில் அது தைத்தது. ஆனாலும் அவள் கையை நீட்டவில்லை.

முடிவு வரும்வரை பண்ணைக்குள் யாரும் போகக் கூடாது என்பதால் போனில்தான் பேச்சு.

"நெசமாவே நோய் வந்திருந்தா?" என்று கேட்டான் பிரபாகரன்.

"குழி தோண்டுங்கன்னு நானே சொல்லுவேன்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நமக்குக் கல்யாணம். நான் கோழியப் பாத்தா உங்களுக்குச் சம்மதம் சொன்னேன்?"

மறுமுனையில் அவன் சிரித்துவிட்டான். அந்த வாரத்தில் அவன் சிரித்தது அப்போதுதான்.

முடிவை முத்துக்கிருஷ்ணனே நேரில் கொண்டுவந்தார். வாசலில் நின்றபடியே குரலை உயர்த்திச் சொன்னார். "ஒரு கோழி ரத்தத்துலயும் நோயோட அடையாளம் இல்ல. வளையம் போட்டது, போடாதது எல்லாத்துலயும் இருக்கறது ஊசி மருந்தோடது மட்டும்தான். தொண்டையில தடவி எடுத்த சளியிலயும் கிருமி இல்ல. அம்மா, நீங்க சொன்னது மெய். கோழியே சாட்சி சொல்லிருச்சு."

பிரபாகரன் கதவுக் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டான். உள்ளே ஆயிரக்கணக்கான கோழிகள் தம்பாட்டுக்குக் கொக்கரித்துக்கொண்டிருந்தன. இத்தனை நாளாய்க் காதைப் பொத்தவைத்த அந்த இரைச்சல் இன்றைக்கு அவனுக்கு மேளச் சத்தமாகக் கேட்டது.

"இவங்க அன்னைக்கு ரத்தம் எடுக்க ஊசியைத் தொட்டிருந்தா, இந்த முடிவ மேல ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க," என்று பவதாரணியைக் காட்டினார் முத்துக்கிருஷ்ணன். "நானே ரத்தம் எடுத்ததால இப்ப மறுபேச்சே இல்ல."

வேலுத்தாய் பவதாரணியின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "கையக் கழுவிட்டான்னு நெனச்சேன். கைய மடக்கி வச்சே காப்பாத்திட்ட, ஆத்தா."

"அத்தை, புதுசாக் காவல் கோழி வருது. அதுக்கு ஊசி கிடையாது."

"தொட மாட்டேன். ஒரு கை தீனி கூடப் போட்டுக்கறேன். அதுக்கும் ஒரு டெஸ்டு வச்சிருக்கியா?"

முட்டை லோடு ஏற்றிய ஜீப்பு போடிமெட்டுப் பக்கம் உறுமிக்கொண்டு கிளம்பியது. சின்ராசும் ஜேசிபியைக் கிளப்பினான். வேலுத்தாய் ஓடிப்போய் மறித்தார்.

"எங்கடா போற? கோழியப் பொதைக்க வந்தேல்ல. வெரசா வந்து வீட்டு வாசல்ல ஒரு குழி தோண்டிட்டுப் போ."

"எதுக்கு அத்தே?"

"பந்தக்கால் ஊன."

"அதுக்குக் கடப்பாரை போதுமே. இத வச்சுத் தோண்டுனா யானையே உள்ள எறங்கிரும்."

"எறங்கட்டும். அதுக்கும் ஒரு எலை போடுவோம்," என்றார் வேலுத்தாய்.