இரண்டாவது முறை மேடேறியவர்

சீசன் முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. பேஸ்பால் உலகத்தில் மேனேஜர்களின் தலை உருளும் நாள் அது. தோற்ற அணிகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல அன்றைக்குத்தான் ஆளை வீட்டுக்கு அனுப்பும். ஓமஹா அணியின் மேனேஜர் வெண்டெல் நோவோட்னியின் தலை தப்புமா என்பதை ஞாயிறு மாலைக்குள் ரோவெனா சொல்லியாக வேண்டும்.

ஆட்டக்காரர்களை வாங்குவதும் விற்பதும் ரோவெனாவின் வேலை. கிடைத்தவர்களை வைத்துக் களத்தில் ஆட்டத்தை நடத்துவது வெண்டெலின் வேலை. அணியை அடியிலிருந்து புதிதாகக் கட்டப்போகிறோம் என்று சொல்லி, மூன்று வருடங்களுக்கு முன்னால் நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுத் தீர்த்தவள் அவள்தான். பதிலுக்கு மீசைகூடச் சரியாக முளைக்காத பையன்களை வாங்கிப் போட்டாள். தோற்றபோதெல்லாம் ஊர் திட்டியது வெண்டெலை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"இந்தப் பசங்களைத் தேத்திக் குடுங்க வெண்டெல். ஜெயிக்கிற காலத்துலயும் நீங்கதான் இருப்பீங்க" என்று அன்று வாக்குக் கொடுத்திருந்தாள். வாக்குக் கொடுப்பதற்கு என்ன, வாய் இருந்தால் போதும். முதலாளி ப்ராக்டரோ புது ஆள் வேண்டும் என்று ஒரு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. பையன்களைப் பொறுமையாக வளர்க்கத் தெரிந்தவருக்கு ஜெயிக்கவும் தெரியும் என்று யார் சொன்னது?

அந்த ஞாயிறன்று, அந்த வருடத்தின் கடைசி ஆட்டம். அதுவரை தொண்ணூற்றொன்பது தோல்வி. ஒன்பது இன்னிங்ஸில் ஏழாவது நடந்தபோது ஓமஹா இரண்டு ரன்னுக்கு ஒன்று என்று முன்னால் இருந்தது. பந்து வீசிக்கொண்டிருந்தவன் டெல்வின் ரோசா, இருபத்திரண்டு வயது. ரோவெனா கட்டப்போகும் அணிக்கே அவன்தான் தூண். எதிரணிக்காரர்கள் இரண்டு பேர் ஓடத் தயாராக நின்றார்கள். பந்துவீச்சுப் பயிற்சியாளர், வீச்சாளர் நிற்கும் மேட்டுக்குப் போய் டெல்வினிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பினார். அடுத்த மட்டையாளர் வந்து நின்றதும் வெண்டெலே எழுந்து மேட்டை நோக்கி நடந்தார்.

மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்திருந்த ரோவெனா, "ஐயோ, போகாதீங்க!" என்று கத்தியேவிட்டாள். ஒரே இன்னிங்ஸில் ஒரே வீச்சாளரிடம் இரண்டாவது முறை பேசப் போனால் அவன் வெளியேறியே ஆகவேண்டும். பயிற்சியாளர் முன்பு போய்வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். நடுவர் கையை விரித்தார். வெண்டெல் நெற்றியில் அடித்துக்கொண்டார். டெல்வின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே போனான். அடுத்து வந்தவனின் இரண்டாவது பந்து வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. எதிரணிக்கு ஒரே அடியில் மூன்று ரன். கடைசிவரை அதை எட்ட முடியாமல் ஓமஹாவுக்கு நூறாவது தோல்வி.

ப்ராக்டர் உடனே போன் செய்தார். "ஸ்கூல் பசங்களோட கோச்சுக்குக்கூடத் தெரியுமேம்மா அது! இன்னும் என்ன யோசனை உனக்கு?"

ரோவெனா உடைமாற்றும் அறைக்கு இறங்கிப் போனாள். கேட்சர் ஓலின் வாசலிலேயே மறித்துக்கொண்டான். பையன்களுக்கெல்லாம் வெண்டெல்தான் ‘ஸ்கிப்பர்’.

"மேடம், ஸ்கிப்பர் ஒண்ணும் மறக்கல. வேணும்னேதான் போனாரு. டெல்வின் கை தளந்துபோச்சு. சும்மா எடுத்தா அவன் மல்லுக்கு நிப்பான்ல? அதான் விதிய சாக்கா வெச்சு எடுத்துட்டாரு."

பின்னாலிருந்த இரண்டு பேர் கேட்பதற்கு முன்பே தலையாட்டினார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வெண்டெல் நெற்றியில் அடித்துக்கொண்டதைத்தான் ஊரே பார்த்ததே. ஆனால் ஓலின் அதற்குள் நிருபர்களிடமும் இதையே சொல்லியிருந்தான். ப்ராக்டர் மறுபடி அழைத்தார். இந்த முறை குரலில் குதூகலம்.

"டிவில பாத்தேன். பய கையைக் காப்பாத்தத்தான் அப்படிப் பண்ணானாமே? கெட்டிக்காரக் கிழவனா இருக்கானே! நெஜம்தானா? நீ ஆமான்னு சொல்லு, வெச்சுக்கலாம்."

ஒரே ஒரு ஆமாம். கொடுத்த வாக்கும் பிழைக்கும், மனிதரும் பிழைப்பார். "பத்து நிமிஷத்துல கூப்பிடுறேன்" என்று சொல்லி வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெண்டெல் அறையின் நடுவே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையன்கள் சுற்றி நின்றார்கள்.

"வெண்டெல், வேணும்னேதான் போனீங்களா?"

ஓலின் அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான்.

"கண்ணக் காட்டாதடா கழுதை" என்றார் வெண்டெல். "மறந்துட்டேன் ரோவெனா. இந்த ஆட்டத்தைத் தோக்கக் கூடாதுன்னே மண்டைக்குள்ள ஓடிட்டிருந்துச்சு, கோச் போயிட்டு வந்தது நெனப்புலயே இல்ல. டெல்வின் கையில நான் ஒண்ணும் பாக்கல. கை நல்லாத்தான் இருக்கு." பிறகு பையன்களைப் பார்த்து, "எனக்காக எவனும் பொய் சொல்ல வேணாம். இன்னிக்கு எனக்காகச் சொல்லுவீங்க, நாளைக்கு எங்கிட்டயே சொல்லுவீங்க."

ஓலினுக்கு முகம் சிவந்துவிட்டது. மூலையிலிருந்து டெல்வின்தான் வாயைத் திறந்தான்.

"வலிக்குது ஸ்கிப்பர்."

"என்னது?"

"முழங்கை. அஞ்சு வாரமா. சொன்னா அடுத்த வருஷம் எடம் போயிருமோன்னு பயந்துட்டேன். நீங்க வேலையே போனாலும் பரவால்லன்னு உண்மைய சொல்லிட்டீங்க. எனக்கு வெக்கமா இருக்கு."

வெண்டெல் எழுந்து போய், அந்த முழங்கையைக் கண்ணாடிச் சாமான்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டார். மருத்துவரைக் கூட்டிவரச் சொல்லி ஓலினை விரட்டினார்.

ரோவெனா வெளியே வந்து ப்ராக்டரை அழைத்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஆக, விதியும் மறந்துபோச்சு, அஞ்சு வார வலியும் கண்ணுக்குத் தெரியல. இவன எதுக்கு வெச்சுக்கணும்?"

"நமக்கும்தான் தெரியல சார். கேமரா வெச்சிருக்கோம், ஸ்கேன் வெச்சிருக்கோம். போன வருஷம் ரெண்டு பசங்க வலிய மறைச்சு மறைச்சு ஆப்பரேஷன்ல போய் நின்னாங்க. ஒருத்தனும் யார்கிட்டயும் வாயத் தொறக்கல. இன்னிக்கு ஒருத்தன் தொறந்தான். இவர் அங்க இருந்ததாலதான் தொறந்தான். விதியெல்லாம் பக்கத்துல ஒரு ஆள உக்காரவெச்சு எண்ணச் சொல்லிக்கலாம்."

"அடுத்த வருஷமும் நூறு தோத்தா?"

"அந்தத் திங்கக்கிழம எங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிருங்க."

"ஓங்கழுத்து, ஓம்பாடு" என்று ப்ராக்டர் போனை வைத்துவிட்டார்.

மருத்துவ அறைக்கு வெளியே, சுவரில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார் வெண்டெல். உள்ளே டெல்வினைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோவெனா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீங்கதான் இருக்கீங்க வெண்டெல். பேசிட்டேன்."

அது அவர் காதில் விழுந்ததா என்றே தெரியவில்லை.

"அஞ்சு வாரம் ரோவெனா. தெனம் அவன் தோள்ல கையப் போட்டுக்கிட்டுத்தானே பேசினேன். பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியலியே."

மூன்று வருடத்தில் முந்நூறு தோல்விக்கு மேல். ஒன்றுக்குக்கூடக் கண் கலங்காத மனிதர், தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ப்ராக்டரிடம் அத்தனை அடித்துப் பேசியவளுக்கு, தான் பேசியது சரிதான் என்ற நம்பிக்கை அப்போதுதான் முழுசாக வந்தது.