பேனலுக்கு முன்னால் மூன்றடி

கரண்ட் மெயின் பேனலுக்கு முன்னால் மூன்றடி காலியாக இருக்க வேண்டும் என்று தரையில் மஞ்சள் கோடு போட்டவனே குகன்தான். நல்லூரில் அந்த பனியன் கம்பெனிக்கு அவன்தான் எலக்ட்ரீஷியன். ஆனால் கோடு கண்ணில் படுவது பாதுகாப்பு ஆடிட் அன்றைக்கு மட்டும். காலையிலேயே, கோட்டின்மேல் அடுக்கிய பனியன் அட்டைப்பெட்டிகள் எல்லாம் வேனில் ஏறிவிடும். ஆடிட்டர் போட்டோ எடுத்துக் கிளம்பும்வரை வேன் தாராபுரம் ரோட்டோரம் நிற்கும். சாயங்காலம் பெட்டிகள் மறுபடி கோட்டின்மேல் உட்கார்ந்துகொள்ளும்.

"ஏனுங்க, இதென்ன பேனல் ரூமா, குடோனா?" என்று பேக்கிங் மேனேஜர் குமாரசாமியிடம் போன வாரமும் மல்லுக்கு நின்றான்.

"கண்டெய்னர் வர்ற வரைக்குந்தானுங்க குகன். உங்க பேனலு என்ன, எந்திரிச்சு நடக்கவா போகுது?"

பேக்கிங் பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். குகனும் சிரித்துத் தொலைத்தான். மாதச் செக்லிஸ்ட்டில் 'பேனல் முன் இடம் காலி' என்ற கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்தும் போட்டான்.

செவ்வாய்க்கிழமை, டீ குடித்து முடித்த கையோடு அயர்னிங் பக்கம் அலறல். மாஸ்டர் லிங்கசாமியின் கை அயர்ன்பாக்ஸோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது.

"ஆரும் தொடாதீங்க! நான் மெயின ஆஃப் பண்றேன்!"

ஒரே ஓட்டத்தில் குகன் பேனல் ரூமுக்கு வந்துவிட்டான். ஆள் உயரத்துக்குப் பெட்டிகள், மூன்று வரிசை. ஒன்றை இழுத்தால் இரண்டு மேலே விழுந்தன. ஏறிப் பார்த்தான், அட்டை கிழிந்து முட்டிவரை கால் உள்ளே போனது. பேனல் கதவு ஒரு சாண்தான் திறந்தது. அந்த இடுக்கில் கையை நுழைத்துச் சுவிட்சைத் தட்டியதும் மெஷின்கள் எல்லாம் அடங்கின. லிங்கசாமி அதற்கு முன்பே அடங்கியிருந்தார்.

"வரும்போதே உயிர் இல்லைங்க" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

வராந்தாவில் லிங்கசாமியின் மனைவி ரங்காத்தாள், குகனைப் பார்த்ததும் எழுந்து கையெடுத்துக் கும்பிட்டாள்.

"பெட்டி மேலெல்லாம் ஏறி விழுந்து கரண்ட நிறுத்துனீங்களாமா, மேனேஜர் சொன்னாருங்க. கூடப்பொறந்தவன் கூட இப்படி ஓடமாட்டான் தம்பி. நீங்க நல்லா இருக்கோணுங்க."

"இல்லீங்கக்கா... நான்..."

குமாரசாமி அவன் தோளைப் பிடித்து அழுத்தினார். குகனும் பதிலுக்குக் கும்பிட்டான்.

கும்பிட்ட கையை அவள் இறக்கவே இல்லை.