சுவர்ப்பக்கத்துக் கிளாம்ப்

“அந்தக் கிளாம்ப்ல கை வச்சீங்கன்னா அண்ணி, அப்புறம் நான் இந்த வீட்டுப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்க மாட்டேன்.”

“படுக்காத. நான் கூப்பிடல. விடிஞ்சதும் விடியாததுமா வந்து கதவத் தட்டினது நீதான்.”

“இது என் அண்ணன் மெஷினு.”

“உனக்கு அண்ணன். எனக்கு யாராம், வாடகைக்கு இருந்தவரா?”

இந்த இடத்தில்தான் பக்கத்து வீட்டிலிருந்து நான் கத்தரிக்கோல் இரவல் கேட்டு உள்ளே போனேன். எங்கள் வீட்டில் கத்தரிக்கோலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் சுவர் வழியாகக் கேட்கும் சண்டையில் பாதி வார்த்தை சுண்ணாம்பில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. மீதியை வைத்துக்கொண்டு நான் தெருவுக்கு என்ன பதில் சொல்வது?

கீழே கடை, மேலே வீடு. கடையில் பேட்மின்டன் மட்டைகளுக்கு நரம்பு போடுவார் அண்ணிக்காரியின் வீட்டுக்காரர். நரம்புக்காரர் என்றுதான் தெருவே கூப்பிடும். அவர் செத்துப் போன பிறகும் மெஷின் எங்கள் சுவரை ஒட்டிய அதே இடத்தில்தான் நின்றது. அதன் மேல் ஒரு பாதி முடிந்த மட்டை. நெடுக்கு நரம்புகள் முழுக்க ஓடியிருந்தன, குறுக்கு நரம்புகள் பாதியில் நின்றிருந்தன. கடைசியாக அவர் இழுத்த நரம்பை மெஷினின் கிளாம்ப் கீழேயிருந்து நண்டுக்கால் மாதிரி எழும்பிக் கவ்விக்கொண்டிருந்தது. அவர் தங்கை, அதாவது இன்னும் கல்யாணமாகாத இந்த நாத்தனார், ஒரு போர்வையைக் கொண்டுவந்து மெஷினை மூடிவிட்டுப் போனவள். அதை யாரும் எடுக்கக் கூடாது என்பது அவள் சட்டம்.

அவள் சொல்வதிலும் ஒரு நியாயம் இருந்தது. “அவன் கை இழுத்த இழுப்பு அப்படியே அதுக்குள்ள இருக்கு அண்ணி. கிளாம்ப்ப விட்டா போயிடும். போட்டோவுல இருக்கிறது அவன் மூஞ்சிதான். இதுல அவன் பலம் இருக்கு.”

அண்ணிக்காரி வேறு கணக்கில் இருந்தாள். மெஷின் ஒன்றுதான். அதில் அந்த மட்டை இருக்கிறவரை வேறு மட்டை ஏறாது. மட்டை ஏறாவிட்டால் கடை இல்லை, கடை இல்லாவிட்டால் பிறந்த வீட்டில் போய் அண்ணன் பெண்டாட்டி முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். அதற்குப் பயந்துதான் போனில் வீடியோ பார்த்துத் தொழில் படித்தாள். பழகிப் பார்க்க மெஷின் இல்லாததால், மொட்டை மாடியில் துணிக்கொடியை இழுத்து கிளிப் போடுவாள், இழுப்பாள், இன்னொரு கிளிப் போட்டுவிட்டு முதல் கிளிப்பை எடுப்பாள். துணி ஒன்றும் கிடையாது, வெறும் கொடி. ஒரு கை பிடித்த பிறகுதான் மறு கை விட வேண்டும் என்று தனக்குத் தானே முணுமுணுப்பு வேறு. பார்த்துவிட்டு, புத்தி பேதலித்துவிட்டது என்று தெருவில் ரெண்டு மூன்று பேரிடம் சொல்லி வைத்தேன். அக்கறையில்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. நரம்புக்காரர் ஒவ்வொரு நரம்பையும் இழுத்ததும் நகத்தால் ஒரு சுண்டு சுண்டிக் கேட்பார். டிங் என்று அது எங்கள் சமையலறைக்குக் கேட்கும். அவர் போன பிறகும் கேட்டது. காலையில், பால் பொங்குகிற நேரத்துக்கு. “குழாய் சொட்டுது, வாஷர மாத்து” என்றார் என் வீட்டுக்காரர். வாஷரை மாற்றினேன். அதற்கப்புறமும் கேட்டது. யாரிடமும் சொல்லவில்லை. இந்த வாய் மூடியிருந்தது என்றால் பயம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த விஷயம் அன்றைக்குத்தான் உடைந்தது. “தெனம் காலையில போர்வைக்குள்ள கைய விட்டு நான்தான் சுண்டிப் பாக்கறேன்” என்றாள் அண்ணிக்காரி. “உனக்கு என்ன தெரியும்? சத்தம் எறங்கிட்டே வருது. நீ பூட்டி வச்சிருக்கேன்னு நெனைக்கிற. அவர் கொஞ்சங் கொஞ்சமா போயிட்டே இருக்கார். முழுசாப் போறதுக்குள்ள முடிச்சிடறேன், விடு.”

நாத்தனார் ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்னக்கா வேணும்?” என்றாள். கத்தரிக்கோலைக் கையில் திணித்தாள். போகச் சொல்கிறாள் என்று புரிந்தது. புரியாத மாதிரி நின்றுகொண்டேன்.

அண்ணிக்காரி போர்வையை எடுத்து மடித்து வைத்தாள். நரம்பின் தொங்கும் முனையை எடுத்துக் குறுக்கே ஒவ்வொரு நெடுக்கு நரம்புக்கும் மேலும் கீழுமாக நுழைத்தாள். ஒரு இடத்தில்கூட விரல் பிசகவில்லை. இனி முனையை இழுவையில் மாட்டி, எடை கட்டிய கம்பியை இறக்க வேண்டும். கம்பி படுத்து நின்றால் நரம்பை அது பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பிறகுதான் பழைய கிளாம்பைத் திறக்கலாம். மொட்டை மாடியில் இதைத்தானே மாய்ந்து மாய்ந்து பழகினாள்? ஆனால் முனையை மாட்டுவதற்கு முன்பே அவள் இன்னொரு கை கிளாம்பின் பிடியைத் தட்டிவிட்டது.

டக்.

இவ்வளவு நாள் பொத்தி வைத்த இழுப்பு சர்ரென்று ஓடிவிடும் என்று நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். கிளாம்ப் கீழே இறங்கிவிட்டது. நரம்பு அப்படியே நின்றது. அண்ணிக்காரி சுண்டினாள். டிங். காலையில் எனக்குக் கேட்ட அதே சத்தம்.

யாரோ பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் வாசல் பக்கம் ரெண்டு அடி பின்வாங்கினேன். அண்ணிக்காரி மட்டும் விடவில்லை. நரம்பின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு போனாள். மட்டையின் ஓரம் தாண்டி, சுவர்ப்பக்கம், வெளிச்சம் படாத இடுக்கில் விரல் நின்றது. குனிந்து பார்த்தோம். உள்ளங்கைக்குள் அடங்குகிற, ஸ்பிரிங் வைத்த சின்னக் கைக்கிளாம்ப் ஒன்று, மட்டையின் விளிம்போடு ஒட்டி நரம்பை வெளியிலிருந்து கவ்வியிருந்தது. சுண்டும்போதெல்லாம் அவள் கை அதில் பட்டிருக்கிறது. மெஷினில் ஏதோ ஒரு உறுப்பு என்று நினைத்திருக்கிறாள்.

பேய் இல்லை என்று தெரிந்ததும் நான்தான் முதலில் சிரித்தேன். கூடச் சிரிக்க ஆளில்லை.

“இது ஏன் இங்க இருக்கு?” என்றாள் நாத்தனார். அவள் சின்ன வயதிலிருந்து அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவள். “வெளியூர் போறப்பதான் அண்ணன் இதப் போடும். கல்யாணம் காச்சின்னு பாதில விட்டுட்டுப் போனா, வர நாளாகும்னு ரெண்டாவது பிடி. டீக்கடைக்கு, சாப்பாட்டுக்கெல்லாம் போடவே போடாது.”

அண்ணிக்காரி கைக்கிளாம்பிலிருந்து விரலை எடுக்கவில்லை.

“அன்னிக்கு நான் சாப்பிடத்தான் கூப்பிட்டேன்” என்றாள். “எப்பவும் ‘இந்த ஒரு நரம்பு’, ‘இந்த ஒரு நரம்பு’ன்னு சோத்த ஆற விடுவார். அன்னிக்குக் கூப்பிட்ட குரலுக்கு வந்து நின்னார். என்ன அதிசயம்னு கிண்டல் பண்ணினேன். சிரிச்சார். சாப்பிட்டுத் தட்டைக்கூட அவரே கழுவி வச்சார். சித்த படுக்கறேன்னார்.”

அப்புறம் நடந்தது தெருவுக்கே தெரியும். மாலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

“தெரிஞ்சிருக்கு” என்றாள் அண்ணிக்காரி. “தெரிஞ்சு, இதப் பிடிக்க வச்சிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாம மாடியேறி வந்து சாப்பிட்டிருக்கார்.”

நாத்தனார் அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. எழுந்து வந்து தொங்கிய முனையை இழுவையில் மாட்டினாள். “எடைய எறக்குங்க அண்ணி. அது பிடிச்சுக்கட்டும். அப்புறம் இத எடுக்கலாம்.”

கம்பி மெல்ல இறங்கிப் படுத்தது. அண்ணிக்காரி கைக்கிளாம்பை அமுக்கித் திறந்தாள். நரம்பு மயிரிழை அசைந்து நின்றது. ரெண்டு பேரும் ஒரே சமயத்தில் மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன் என்பதை எதற்கு மறைக்க வேண்டும்?

மட்டைக்கு உரியவர் ஒரு பல் டாக்டர். துக்க வீட்டில் போய் மட்டையைக் கேட்பதா என்று அத்தனை நாள் இரவல் மட்டையில் ஆடிக்கொண்டிருந்தாராம். வாங்கிப் போய் ஆடிப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார். “மேல் பாதி ஒரு மாதிரி அடிக்குதுங்க, கீழ் பாதி ஒரு மாதிரி அடிக்குது” என்றார். அறுத்துவிட்டுப் புதிதாகப் போடட்டுமா என்று அண்ணிக்காரி கேட்டாள். வேண்டாம் என்றது டாக்டர் இல்லை, நாத்தனார். யார் மட்டைக்கு யார் பதில் சொல்வது என்று அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியது. அடுத்த வருஷம் டாக்டருக்கும் நாத்தனாருக்கும் கல்யாணம். கடல் தாண்டி வேலை கிடைத்து ரெண்டு பேரும் போய்விட்டார்கள், மட்டையும் கூடவே. ஆடுவதில்லையாம். படுக்கையறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்களாம்.

அண்ணிக்காரி எங்கும் போகவில்லை. கடை நன்றாக ஓடுகிறது. டிங் டிங் என்று பகலெல்லாம் கேட்கிறது. இன்றைக்கு மத்தியானம் கொஞ்ச நேரமாகச் சத்தத்தையே காணோம். கத்தரிக்கோலைத் திருப்பித் தருகிற சாக்கில் போனேன். இத்தனை நாளும் அதற்காகத்தான் தராமல் வைத்திருந்தேன். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது, ஸ்டூல் காலி. மெஷினில் பாதி முடிந்த மட்டை ஒன்று. சாப்பிடப் போயிருப்பாள் என்று திரும்பியவள், என்ன தோன்றியதோ, சுவர்ப்பக்கம் குனிந்து பார்த்தேன். கைக்கிளாம்ப் நரம்பைக் கவ்வியிருந்தது.

மேலே தண்ணீர் விழுந்தது. யாரோ தட்டு கழுவுகிற சத்தம். பிறகு அதுவும் நின்றது. கத்தரிக்கோலும் கையுமாக மாடிப்படியின் முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றேன்.