செந்தாமரைக்கு மூச்சு வாங்கியது

கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வேலூரிலிருந்து மலைக்குத் திரும்பிய செந்தாமரைக்கு எல்லாம் படுத்த இடத்துக்கே வந்தது. கணவன் வேடியப்பன் சாமைச் சோறு ஆக்கினான். குழம்பில் ஒரு நாள் உப்பு கூடும், ஒரு நாள் குறையும். அவள் குறையே சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஆஸ்பத்திரியில் எழுந்து நடக்கச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் படுக்கை சுகமாக இருந்தது.

ஒரு நாள் காலை கன்றுக்குட்டியைத் துரத்திய வேடியப்பன் சேற்றில் வழுக்கி உட்கார்ந்தான். சிரிக்கப் போனவளுக்கு விலாவில் சுருக்கென்று குத்தியது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தியது. கொல்லைக்குப் போய் வந்ததற்கே இரைத்தது.

“வாயுவா இருக்கும். பூண்டு சுட்டுத் தரட்டா?” என்றான்.

அவள் காலை நீட்டிப் பார்த்தாள். இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தது. அந்தக் காலில் கொலுசு இறுகி, அசையவே இல்லை.

வேடியப்பன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தான். “உருவி வுட்டா வடிஞ்சிடும்.”

“தொடாதய்யா. நர்சம்மா இன்னா சொல்லி அனுப்பிச்சி? ஒரு காலு மட்டும் வீங்கினா, மூச்சு வாங்கினா, நெஞ்சு குத்தினா ஒடனே வரச் சொல்லுச்சே. கால்ல ரத்தம் கட்டிக்கினு நுரையீரலுக்குப் போய்டுமாம்.”

“ஆபரேஷன் வயித்துலதான பண்ணாங்க?”

“படுத்தே கெடந்தா வருமாம். நூத்தியெட்டுக்குப் போன் பண்ணு. பதறாம பேசு.”

அவன் சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினான்.

ஆம்புலன்ஸில் ஆக்சிஜன் வைத்தார்கள். மலைப்பாதையின் வளைவுகளில் அவன் அவள் கையை விடவே இல்லை. வேலூரில் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் ரத்தக்கட்டிகள் தெரிந்தன. கட்டி பெருகாமலிருக்க ஊசி போட்டார்கள். “நாளைக்குப் பாக்கலாம்னு இருந்திருந்தா பெரிய ஆபத்தாயிருக்கும்,” என்றார் டாக்டர். குத்தல் மெல்லக் குறைந்தது. சில மாதங்களுக்கு மாத்திரையும் தினமும் நடையும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஊர் திரும்பும் வழியில், கண்ணமங்கலத்தில் பஸ் டீக்கு நின்றது. செந்தாமரை இறங்கி, கடைக்கும் பஸ்ஸுக்குமாக நடந்தாள். டீ டம்ளரைப் பிடித்தபடி அவனும் கூடவே நடந்தான்.

“இன்னாங்க, ரெண்டு பேரும் ஊர்வலம் போறீங்க?” என்றார் கண்டக்டர்.

“டாக்டர் ரொம்ப நேரம் ஒக்காரக் கூடாதுன்னு சொல்லிருக்காருங்க. இன்னும் ஒரு சுத்துதான்,” என்றாள் செந்தாமரை.

“மெதுவா வாங்கம்மா,” என்று அவரும் ஒரு டீ சொன்னார்.