இடது மூலையில் நிற்பவன்

பந்து இடது மூலைக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. விளம்பரப் பலகையில் மோதித் திரும்பி, முன்வரிசையில் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்த ஒருவரின் காலடியில் போய் நின்றது. கூட்டம் ஊளையிட்டது.

"யாருக்குடா போட்ட?" கிருபாசங்கர் பக்கத்தில் ஓடிவந்து கேட்டான். அந்தக் கூடைப்பந்து அணியிலேயே உயரமானவன். கோபம் வந்தால் அவன் குரல் இறங்கிவிடும். அப்போது கிசுகிசுப்பாக இருந்தது.

யாருக்குப் போட்டான் என்று மிதுனுக்குத் தெரியும். கிருபாவுக்கும் தெரியும், இது முதல் தடவை இல்லை. அந்த மூலையில் செங்கோடன் நின்றிருந்தான். தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, இரண்டு விரலை மட்டும் மடக்கி விரித்தான். மிதுன் பார்த்தான், போட்டான். செங்கோடன் செத்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது என்பது பந்து கையைவிட்டுப் போன பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கோச் நரசிம்மலு அவனை வெளியே எடுத்து பெஞ்சில் உட்காரவைத்தார். தட்டுத்தடுமாறி அந்த ஆட்டத்தை ஜெயித்து, நொய்யல் அணி அரையிறுதிக்குப் போனது. யாரும் யார் தோளிலும் தட்டிக்கொள்ளவில்லை.

சம்பளத்துக்கு ஆடுகிற அணியில் ஒட்டுறவு சீசன் முடிகிற வரைக்கும்தான் என்பார்கள். நொய்யல் அணிக்கு முதல் வருஷம் அதுகூட இல்லை. கோயமுத்தூர் பீளமேட்டில் ஒரே வீட்டில் தங்கியிருந்தும் ஆளுக்கொரு அறை, ஆளுக்கொரு போன். கோர்ட்டில் ஒருவன் கத்துவது இன்னொருவனுக்குக் கேட்காது. ஆடிய ஆட்டமெல்லாம் தோல்வி. அப்படி இருந்தபோது ஒரு திங்கட்கிழமை, ஓய்வு நாளில், மெஸ் பூட்டியிருந்தது. "எங்க ஊட்டுக்கு வாங்கடா, சோறாச்சும் கிடைக்கும்" என்று செங்கோடன் எல்லோரையும் பல்லடத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

வீட்டுக்குப் பின்னாலேயே தறிக்குடோன். விசைத்தறிகள் ஓடும்போது உள்ளே மனிதக் குரலுக்கு வேலை கிடையாது. செங்கோடனின் அம்மா தெய்வாத்தாளும் தறி ஓட்டுகிறவர்களும் விரலாலும் புருவத்தாலும் வாயசைவாலும் பேசிக்கொண்டார்கள். நூல் அறுந்துவிட்டது, தண்ணீர் வேண்டும், மாமியார் வந்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் ஒரு கைச்சாடை இருந்தது. அதைக் கை என்பார்கள். சோற்றுக்குப் போனவர்கள் சாயங்காலம்வரை அங்கேயே கிடந்தார்கள். அடுத்த திங்கட்கிழமையும் போனார்கள். அறுந்த நூலை முடிச்சுப்போடத் தெரியாமல் அவர்களில் தல்ஹா என்பவன் சிக்கலாக்கி வைத்து, தெய்வாத்தாளிடம் சத்தமே இல்லாத வசவு வாங்கினான். அது என்ன வசவு என்று கடைசிவரை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. ஒருவன் மூஞ்சியை ஒருவன் பார்க்காமல் அந்த இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்க முடியாது. பார்க்கப் பழகிவிட்டார்கள்.

அந்தப் பழக்கம் கோர்ட்டுக்கும் வந்தது. மேளமும் விசிலுமாக அரங்கம் அதிரும்போது எதிரணி தொண்டை கிழியக் கத்தும். இவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். பந்தைக் கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பது மிதுனின் வேலை. இடது மூலையில் நின்று தூரத்திலிருந்து போடுவது செங்கோடனின் வேலை. கடைசியில் மிதுன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டான். பந்து தானாகப் போகும். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. காரணம் கேட்டால் டிவியில் உணவுமுறை என்றார்கள், உடற்பயிற்சி என்றார்கள். தறிக்குடோனைப் பற்றி யாருக்கு என்ன தெரியும்?

பிறகு செங்கோடன் காய்ச்சல் என்று ஊருக்குப் போனான். அணி லூதியானாவில் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. காரியத்துக்கு மற்றவர்கள் போனார்கள். மிதுன் பல்லடம் பஸ் ஸ்டாண்டுவரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, கோயமுத்தூர் பஸ்ஸிலேயே ஏறித் திரும்பிவிட்டான். உடம்பைப் பார்க்காதவனுக்குச் சாவு யாரோ சொன்ன சேதிதான். போனவன் வரவில்லை, அவ்வளவுதான். வராதவன் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம்.

செங்கோடன் இடத்துக்கு ஹர்ஷா வந்தான். உடுமலைப்பேட்டைக்காரன், அப்பாவுக்குத் தேங்காய் மண்டி. செங்கோடனைவிடக் குறி தவறாதவன் என்று பேச்சு. வந்த வாரத்திலேயே மிதுனிடம், "ஏனுங்ணா, அந்த விரல் பாசை எனக்கும் சொல்லித் தர்றீங்களா?" என்று கேட்டான்.

"அதெல்லாம் போன சீசன்" என்று மிதுன் சொல்லிவிட்டு, அவனை வலது பக்கமே நிற்கச் சொன்னான். அன்றிலிருந்து கோர்ட்டில் கத்த ஆரம்பித்தான். வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். பல்லடம் போவது நின்றது. தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் அறைக்குப் போய்விட்டார்கள்.

நிர்வாகம் சும்மா இருக்கவில்லை. அணிக்குள் ஒற்றுமை வளர்க்க ஆனைமலைப் பக்கம் ஒரு ரிசார்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பெங்களூரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு மல்லாக்க விழ வேண்டும், பின்னால் நிற்பவன் பிடிக்க வேண்டும். மிதுனைப் பிடிக்க ஹர்ஷா நின்றான்.

மிதுன் கண்ணை மூடினான். நின்றான். நின்றுகொண்டே இருந்தான்.

"நம்பிக்கை, நம்பிக்கை!" என்றார் பயிற்சியாளர்.

"அவன் விழமாட்டானுங்க சார்" என்றான் தல்ஹா. "வேணும்னா கிருபாவத் தள்ளிவுடுங்க. விழுந்தா ரிசார்ட்டே ஒண்ணாச் சேந்து தூக்கோணும். ஒத்துமை தன்னால வந்துரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஹர்ஷா மட்டும் நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நின்றிருந்தான்.

திரும்பும்போது வேனில் நரசிம்மலு மிதுன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சன்னமான குரலில் சொன்னார். "இத பாரு. அரையிறுதில ஆளில்லாத மூலைக்கு ஒரு பந்து போச்சுன்னாலும் உன்னைய உட்கார வெச்சிருவேன். அப்பறம் அடுத்த வருசத்து கான்ட்ராக்ட்டுக்கு நான் வாயே தொறக்க முடியாது. ஒரு பந்துதான்."

மிதுன் தலையாட்டினான். பெஞ்சுக்கு அவன் பயப்படவில்லை. அந்தப் பக்கம் போடாமல் இருக்கப் பழகிவிட்டால் செங்கோடன் அங்கே நிற்பதை நிறுத்திவிடுவான் என்றுதான் பயந்தான். அவன் நிற்க வேறு இடம் எது இருக்கிறது?

அடுத்த திங்கட்கிழமை மிதுன் தூங்கி எழுந்தபோது வீடு காலியாக இருந்தது. கிருபாவுக்குப் போன் செய்தான். எதிர்முனையில் கிருபாவின் குரல் கேட்கவில்லை. அதற்குப் பின்னால் இருந்த இரைச்சல் மட்டும் கேட்டது. அது என்ன இரைச்சல் என்று மிதுனுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பல்லடம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தான். இந்தத் தடவை டீ குடிக்க நிற்கவில்லை.

தறிச் சத்தம் தெருமுனையிலேயே நெஞ்சுக்குள் இறங்கியது. குடோன் வாசலில் நின்று பார்த்தான். கடைக்கோடித் தறியில் ஒருவன் குனிந்து அறுந்த நூலை முடிச்சுப்போட்டுக்கொண்டிருந்தான். தலைமுடியெல்லாம் பஞ்சு. செங்கோடனின் முதுகேதான் என்று மிதுனுக்குத் தோன்றியது. நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் தெய்வாத்தாள் தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, இரண்டு விரலை மடக்கி விரித்தாள். குனிந்திருந்தவன் நிமிர்ந்து திரும்பினான். ஹர்ஷா.

தெய்வாத்தாள் வாசலைப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். தண்ணீர்த் தொட்டியில் கை கழுவினாள். முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"வா கண்ணு. இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"

"அந்தக் கை செங்கோடன் காட்டறதுங்மா. அவனுக்கு எதுக்குங்க குடுத்தீங்க?"

"அவன் என்னத்தக் காட்டுனான்? அது நான் கூப்புடறது. தவழ்ந்து திரிஞ்ச நாள்லயிருந்து அந்தக் கையப் பாத்துத்தான் சோத்துக்கு வந்தான்." மூச்சுவிட்டாள். "நீ வருவீன்னு பாத்தேன். வரல. இந்தப் பையன் வாராவாரம் தனியா வந்தான். இன்னைக்கு மத்தவிங்களையும் இழுத்துட்டு வந்துட்டான். மொதல்ல எனக்கு ஆவல. அவன் நின்ன தறியில இவன் எதுக்குன்னு மூஞ்சிய திருப்பிக்கிட்டேன். ஒரு நாளு கை தன்னால எந்திரிச்சிருச்சு. கூப்புட்டுக் கூப்புட்டுப் பழகுன கை, கண்ணு. சும்மா வெச்சிருந்தா வலிக்குது."

மிதுன் தொட்டித் தண்ணீரைப் பார்த்தான்.

"எனக்கு அவன் தெரியறானுங்மா" என்றான். "ஆடறப்ப. மூலையில நிக்கறானுங்க."

அவள் அழுவாள் என்று நினைத்தான். அவள் ஒரு எட்டு கிட்டத்தில் வந்தாள். ஊருக்குப் போய் வந்தவனிடம் விசாரிப்பதைப் போலக் கேட்டாள்.

"எப்படி இருக்கறான்? எளைச்சுப்போயிட்டானா?"

"இல்லீங்மா. அப்படியேதான் இருக்கறான்."

"ம்." குடோன் பக்கம் பார்த்தாள். "இங்க வரமாட்டீங்கறான். அந்தப் பந்தாடற எடந்தான் அவனுக்கு எப்பவும் புடிச்சது." பிறகு மிதுனின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஈரக்கை. "வெரட்டிப்போடாத, சாமி."

மறுநாள் அரையிறுதியில் மிதுன் ஆட்டம் முழுக்க இடது பக்கம் பார்க்கவே இல்லை. கழுத்தில் சுளுக்கு விழுந்தவன் மாதிரி ஆடினான். மற்றவர்கள் கையாலும் புருவத்தாலும் பேசிக்கொண்டார்கள். பழைய அணி திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. அவன் ஒருவன்தான் வெளியே நின்றான். கடைசி நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். பந்து மிதுன் கையில்.

வலது பக்கம் ஹர்ஷா மீது ஒருவன் அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தான். கிருபாவை இரண்டு பேர் மறித்தார்கள். தல்ஹா முதுகைக் காட்டி நின்றான். கோட்டுக்கு அப்பால் நரசிம்மலு கைகட்டி நின்றிருந்தார். மிதுன் இடது பக்கம் திரும்பினான்.

செங்கோடன் நின்றிருந்தான். கையைத் தூக்கினான்.

மற்ற நாட்களில் பந்து போன பிறகுதான் நினைவு வரும். இன்றைக்கு எல்லாம் முன்னாலேயே நினைவிருந்தது. அவன் செத்துவிட்டான். அங்கே ஆளில்லை. போட்டால் ஆட்டமும் போகும், அடுத்த வருஷமும் போகும். போடாவிட்டால் அவன் கையைத் தூக்கியபடியே நிற்பான், பிறகு ஒரு நாள் கையை இறக்கிவிடுவான். ஈரக்கையின் பிடி முழங்கையில் இன்னும் இருந்தது.

போட்டான்.

பந்து காற்றில் போகும்போது அரங்கத்தில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். நரசிம்மலு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதே நேரம் கூடைக்கு அடியில், பின்கோட்டை ஒட்டி, ஒருவன் ஓடிவந்துகொண்டிருந்தான். மிதுன் கை அசைவதற்கு முன்பே அவன் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டியிருக்க முடியாது. ஆளில்லாத மூலையில் ஹர்ஷா கால் ஊன்றினான், பந்து கையில் வந்து உட்கார்ந்தது, எழும்பினான். வலை அசைந்தது.

அதற்கப்புறம் என்ன சத்தம், யார் யாரைத் தூக்கினார்கள் என்று மிதுனுக்குத் தெரியாது. கிருபா வந்து கட்டிப்பிடித்தபோதும் அவன் தோளுக்கு மேலாக மூலையைத்தான் பார்த்தான். அங்கே ஆட்கள் குவிந்து கிடந்தார்கள்.

அரங்கம் அடங்கிய பிறகு உடைமாற்றும் அறைக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்திருந்தான். ஹர்ஷா முழங்காலில் ஐஸ் பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஏனுங்ணா. அது எனக்குப் போட்டதில்லைங்களே."

மிதுன் தரையைப் பார்த்தான்.

"பல்லடத்துல அம்மாகிட்ட நீங்க சொன்னத உள்ள இருந்து வாயசைவுல பாத்தேனுங்ணா. தப்பா எடுத்துக்காதீங்க. அதுக்கப்பறம் பழைய ஆட்டமெல்லாம் போட்டுப் பாத்தேன். அந்தப் பக்கம் போடறதுக்கு முன்னால ஒவ்வொரு தடவையும் உங்க மூஞ்சி மாறுதுங்ணா."

"எப்படி மாறுது?"

"சிரிக்கறீங்ணா. லேசா. வேற எப்பவும் நீங்க சிரிச்சு நான் பாத்ததில்லைங்க. அதப் பாத்துத்தான் ஓடிவந்தேன்."

உள்ளே தல்ஹா ஏதோ சொல்ல, பெரிய சிரிப்பு எழுந்து அடங்கியது. ஹர்ஷா ஐஸ் பையைத் திருப்பி வைத்தான். கேட்கலாமா என்று யோசிப்பவன் மாதிரி இருந்தான்.

"நான் வந்தப்ப அவரு அங்கதான் நின்னாருங்களா?"

"நின்னான்."

"இடிச்சுப்போட்டேனுங்களா?"

கேலி இல்லை. முகத்தில் பயம் இருந்தது, தெரியாமல் யார் மீதாவது கால் பட்டுவிட்டால் வருகிற பயம். மிதுன் யோசித்துப் பார்த்தான். ஹர்ஷா கால் ஊன்றிய நொடியில் அங்கே இரண்டு பேர் தெரிந்தார்களா, ஒருவனா? பார்த்துக்கொண்டுதான் இருந்தான். சொல்லத் தெரியவில்லை.

"அடுத்த தடவை கொஞ்சம் தள்ளி நிக்கறேனுங்ணா" என்றான் ஹர்ஷா. "பந்து எட்டுனாப் போதும் எனக்கு."

மிதுன் முதல் தடவையாக அவனை நேருக்கு நேராகப் பார்த்தான். காதோரத்தில் வெள்ளையாக ஒரு பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"வேண்டாம். அங்கயே நில்லு" என்றான். "அவன் நகந்துக்குவான்."