பிணம் எடுத்துக் கொடுத்த வசனம்

...இருமல் வந்தால் என்ன செய்வது, செத்தவன் இருமலாமா, அதுவும் நெஞ்சில் இரண்டு குண்டு வாங்கிச் செத்தவன்? சூதாட்ட மேசையில் கன்னத்தைப் பதித்துக் கிடந்தான் எஸியோ பராட்டா, மூக்குக்கு நேரே சீட்டுக்கட்டு, காய்ந்த சீட்டைக் கலைத்தால் மைக்கில் பட்டாசு மாதிரி வெடிக்கிறதாம், தண்ணீர் தெளித்து வைத்திருக்கிறார்கள், ஈர நாய் வாடை... படம் ஊமையாக இருந்தவரை சாவது எவ்வளவு சுகமான வேலை! ஹாலிவுட்டில் இவன் சாகாத படமா? குதிரையிலிருந்து விழுந்து, கப்பலிலிருந்து விழுந்து, "இன்னிக்கு என்னடா சாப்பாடு" என்று கத்திக்கொண்டே உயிரை விட்டிருக்கிறான், யாருக்குக் கேட்டது? இப்போது படம் பேசுகிறது. மேசைவிளக்கின் குடைக்குள் மைக், இவன் வாயிலிருந்து ஒரு சாண். காலையில் மனைவி அசுந்தா தட்டு நிறைய மொச்சையை வைத்து, "நல்லா சாப்பிடுய்யா, சாகுறதுக்கும் தெம்பு வேணும்ல" என்றாள், அந்த மொச்சை இப்போது வயிற்றுக்குள் உருள்கிறது, அடங்கு என் ராசா, அடங்கு... ஒரு சின்னச் சத்தம் வந்தாலும் வேறு பிணம் பார்த்துக்கொள்வேன் என்று டைரக்டர் சொல்லியிருக்கிறார்.

சுட்டவன் நிற்கிறான் பக்கத்தில். வெண்டல் க்ராஃப்ட், ஊமைப் படத்தில் ஊரையே அழவைத்தவர், முதல் தடவையாக வாய் திறக்கப் போகிறார், தாதா வேஷம், கோட்டு கச்சிதம், ஆனால் மைக் இருக்கிற விளக்கையே வெறிக்கிறாரே, பாவம், துப்பாக்கி வைத்திருப்பவர் அவர், பயப்படுகிறவரும் அவரா? "இந்த ஊர்ல இனிமே..." என்று ஆரம்பித்து நின்றுவிட்டார். சொல்லுங்க சார், காலையிலிருந்து ஒத்திகையில் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம், சொல்லுங்களேன்... எஸியோவுக்குத் தாங்கவில்லை. செத்த உதடு அசைந்தது. "...சீட்டுப் போடுறதும் நான்தான், ஜெயிக்கிறதும் நான்தான்."

போச்சு. கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஒலிப்பதிவாளர் ஓடிவருகிறார். "யாருய்யா பேசினது? பொணமா?" எல்லாரும் சிரிக்க, இவன் மட்டும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான், செத்தே கிடந்தால் விட்டுவிட மாட்டார்களா? "இன்னிக்கு முழுக்க எனக்குத் தெளிவா கேட்ட ஒரே குரல் இதுதான்!" என்கிறார் ஒலிப்பதிவாளர். என்னது? எஸியோ எழுந்து உட்கார்ந்தான், கன்னத்தில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டு வந்தது. டைரக்டர் இவனைச் சுற்றி வந்து பார்க்கிறார், "யோவ், நாளைக்குக் காலையில வந்து க்ராஃப்ட்டோட வசனம் பூரா பேசிக் காட்டு, பார்க்கலாம்," வலது காதில் அவர், அதே நேரம் இடது காதில் க்ராஃப்ட், கிசுகிசுப்பாக, "எஸியோ, நாளைக்கு மேசைக்கு அடியில இருந்து எனக்கு வசனம் எடுத்துக் குடுப்பியா?" "சரிங்க சார்!" என்றான் எஸியோ, சந்தோஷத்தில் சத்தமாக.

வெளியே ஒரே வெயில். வயிறு இப்போது தாராளமாக உறுமியது, உறுமட்டும், அசுந்தாவிடம் சொன்னால் குதிப்பாள், நான் பேசப் போறேன்டி, பேசப் போறேன்... டிராம் நிறுத்தம் வரை சீட்டியடித்துக்கொண்டே வந்தவன், அங்கே நின்று யோசித்தான். டைரக்டர், க்ராஃப்ட் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டல்லவா போனார்கள்? 'சரி' என்றது யாருக்கு?